புருவம் ஒட்ட ஒரு நாள் காரேஜ் வேணும்

மரியாதைக்குரிய மச்சான் எவரெட் அவர்களுக்கு,

ஹோக்வியத்துல இருந்து உங்க தங்கச்சி லோர்னாவோட வீட்டுக்காரன் ஆர்விட், தலையில இருந்த தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு எழுதுற கடுதாசி. இங்க நாங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். அதுல நான் நல்லாவே விடுறேன். அங்க நீங்களும் உங்க முழங்காலும் எப்படி இருக்கீங்கன்னு தெரியப்படுத்தவும். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கணும். மரம் அறுக்குற மில்லுல ரம்பம் தின்னது போக மிச்சம் இருக்குற விரலை வச்சு எழுதுறேன். அந்த ரம்பத்தைச் சொன்னா ஞாபகம் வருது, அதை ஓட்டுன ஆளு இப்ப பியானோ கத்துக்குறானாம். அவனுக்குப் பத்து விரலும் இருக்கு. சரி, அது கிடக்கட்டும்.

விசயம் சின்ன விசயந்தான் மச்சான். கார்க் கண்ணாடிக்கு ரெயின் வைசர் ஒட்டலாமா வேணாமா, அதான். உங்களுக்குத் தெரியாததா, கதவுக் கண்ணாடிக்கு மேல புருவம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே கருப்பு பிளாஸ்டிக்கு, மழை ஊத்துறப்ப கண்ணாடியை ரெண்டு விரக்கடை இறக்கி வச்சாலும் காத்து வரும், தண்ணி வராது. இதுக்குப் போயி ஒரு கடுதாசியான்னு கேப்பீங்க. கேளுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். லோர்னா உங்களுக்கு எழுதுன கடுதாசியில எல்லாம், புது வீடு தண்ணியைப் பாத்தாப்புல இருக்கு, எல்லாப் பக்கமும் ஜன்னலு, வாசலைத் திறந்தா சர்ச்சுன்னு எழுதியிருப்பா. அதுல ஒண்ணு கூடப் பொய் கிடையாது. ஆனா அந்த வீட்டுக்கு நாலு சக்கரம் இருக்கு. நாங்க போன வருசத்துல இருந்து அந்தப் பச்சைக் கார்லதான் இருக்கோம்.

பதறாதீங்க. பதறுறதை எல்லாம் நாங்களே பதறி முடிச்சாச்சு. வாடகைக்கு விட்ட அம்மா செத்துப் போனாங்க, மகன் வீட்டை வித்தான், வாங்குனவன் கடல் பாக்க வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடுறான். நாங்க படுத்திருந்த ரூம்பு சுவத்துல இப்ப ‘நிம்மதி’ன்னு பலகை எழுதி மாட்டியிருக்கானாம். இருக்கட்டும், அவனுக்கும் தேவைப்படும். லூத்தரன் சர்ச்சு பாஸ்டரம்மா நல்ல மனுசி, எங்களை மாதிரி வண்டிகளை ராத்திரிக்குப் பார்க்கிங்ல விடுறாங்க. காலையில சின்னப் பிள்ளைங்க விளையாட வர்றதுக்குள்ள கிளம்பிடணும். பெறகு பொழுதுக்கும் லைப்ரரி வாசல், ஆத்தங்கரை, துணி வெளுக்குற மெசின் கடைன்னு சுத்திட்டு சாயங்காலம் திரும்பி வருவோம். வேலைக்குப் போயிட்டு வர்ற மாதிரியே இருக்கும், சம்பளம் மட்டும் கிடையாது.

இந்த ஊரு மழையை உங்களுக்கு நான் சொல்லணுமா, இதுல நனைஞ்சுதான நீங்களும் வளந்தீங்க. ஆனா கார்ல படுத்துப் பாத்தாத்தான் மச்சான் மழைன்னா என்னன்னு தெரியும். கண்ணாடியை மூடிட்டுப் படுத்தா, ரெண்டு பேரு மூச்சும் மேல போயி, கண்ணாடியெல்லாம் வேர்த்து, கூரையில இருந்து நெத்தியில சொட்டும். வெளிய மழை விட்டாலும் உள்ள விடாது. லோர்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போடுற செருப்புக்குப் பச்சையா மீசை முளைச்சிருச்சு. கண்ணாடியை இறக்கி வச்சுப் படுத்தா சாரல் நேரா அவ போர்வையில. குப்பைப் பையைக் கிழிச்சு ஒட்டிப் பாத்தேன், அது காத்துல அடிச்ச அடியில பக்கத்து வண்டிக்காரன் எங்களுக்குள்ள சண்டைன்னு நெனச்சு சமாதானம் பண்ண வந்துட்டான்.

அந்தப் பக்கத்து வண்டிக்காரன் பேரு டுவேன். பிக்கப்புல இருக்கான். பல்லு கொஞ்சம், யோசனை நெறைய. அவந்தான் எங்க பார்க்கிங்கு வழக்கத்தை எனக்குச் சொன்னவன். காலையில முதல்ல எந்திரிக்கிறவங்க எல்லா வண்டியையும் ஒரு சுத்து பாத்துட்டு வரணும். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருந்தா ஆளு இருக்கு. வேர்க்கலைன்னா தட்டணும். போன நவம்பர்ல ஹார்லன்னு ஒரு பெரியவரு கண்ணாடி சுத்தமா, தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. தட்டுனோம். ரேடியோ மட்டும் மடியில பாடிக்கிட்டு இருந்துச்சு. நல்ல பாட்டுதான். நிறுத்த மனசு வராம பாஸ்டரம்மா வர்ற வரைக்கும் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னு கேட்டோம். அதனால எங்க கண்ணாடி வேர்த்தாத்தான் நாங்க உசுரோட இருக்கோம்னு கணக்கு மச்சான். ஆனா அந்த வேர்வைதான் லோர்னா உசுரை எடுக்குது.

அவளுக்கு நெஞ்சு ஏற்கெனவே மில்லுல சீடர் மரத்தூளைத் தின்ன நெஞ்சு. போன குளிர்ல நிமோனியா வந்து படுத்தா, எந்திரிச்சுட்டா. இந்த மழை ஆரம்பிச்சதுமே மறுபடியும் கீச்சு கீச்சுன்னு சத்தம், எலிப்பொறிக்குள்ள எலி மாட்டுன மாதிரி. கிளினிக்குல டாக்டரு சின்னப் பொண்ணு, குழாயை முதுகுல வச்சுக் கேட்டுட்டு, “வீட்டுல ஈரக்கசிவு இருக்கா அம்மா?”ன்னு கேட்டுச்சு.

“நல்ல காத்தோட்டமான வீடு தாயி. எல்லாப் பக்கமும் ஜன்னலு,”ன்னா உங்க தங்கச்சி.

“அப்ப ஜன்னலைத் திறந்து வைங்க. காஞ்ச காத்து வேணும் உங்களுக்கு.”

“மழை உள்ள வருதே?”

“மேல சன்சைடு இல்லையா?”

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள லோர்னா என் காலை மிதிச்சா. வெளிய வந்ததும் அந்தப் பொண்ணு என்னை மட்டும் ஓரமா கூப்பிட்டுச் சொல்லுச்சு: “அய்யா, இன்னொரு நிமோனியா வந்தா இவங்க தாங்க மாட்டாங்க.” அவ்வளவுதான் சொல்லுச்சு. சுத்தி வளைக்கத் தெரியாத பொண்ணு. இப்ப அக்டோபர் முடியப் போகுது. இனி மே மாசம் வரைக்கும் மழைதான்.

டுவேன் கிட்டச் சொன்னேன். “நான் படிச்சுப் படிச்சுச் சொல்லல?”ன்னான். “வைசரு ஒட்டுய்யா. என் வண்டியைப் பாரு, பொட்டி மாதிரி காஞ்சு கிடக்கு. காலையில நான் உசுரோட இருக்கேன்னு காட்ட ஸ்டியரிங்கு மேல தொப்பியை மாட்டி வச்சுருவேன், முடிஞ்சது சோலி.” சரின்னு பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போயி, எங்க கார் ரகத்துலயே முன்னால நசுங்கிக் கிடந்த ஒண்ணுல இருந்து புருவத்தைப் பேத்து எடுத்துட்டு வந்தேன். அந்த வண்டியில சீட்டுல ஒரு பொம்மை கிடந்துச்சு. நான் அதைப் பாக்கலைன்னு வச்சுக்கிட்டேன்.

லோர்னா பாத்தா. “இது என்னது?”

“வைசரு. உனக்குக் காத்துக்கு.”

“யாரு கேட்டா?”

“உன் நெஞ்சு கேக்குது, எனக்குச் சத்தம் கேக்குது.”

“ஆர்விட், நாம இங்க குடியிருக்கல. வண்டியை நிறுத்தியிருக்கோம். வீடு கிடைக்கிற வரைக்கும் நிறுத்தியிருக்கோம். நீ இன்னிக்கு சன்சைடு வைப்ப, நாளைக்குத் திரைச்சீலை வைப்ப, நாளன்னிக்குப் பூந்தொட்டி வைப்ப. பெறகு இதுதான் வீடுன்னு ஆயிரும். நான் ஒத்துக்க மாட்டேன்.”

“செத்தா மட்டும் ஒத்துப்பியா?”

கோவத்துல சொல்லிட்டேன். அவ இருமுனா. இருமி முடிச்சு, “ஓட்டைப் பல்லன் சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுற,”ன்னா. அது சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். கல்யாணத்துக்குக் கேட்டப்பவும் இப்படித்தான் ஏதோ திட்டுனா.

இனிமேத்தான் மச்சான் கூத்தே. அதை ஒட்டுற டேப்பு பொட்டலத்துல படம் போட்டு வச்சிருக்கான். டுவேன் படிச்சுச் சொன்னான். கண்ணாடி ஓரம் பொட்டு ஈரம் இல்லாம இருக்கணுமாம், வெதுவெதுன்னு இருக்கணுமாம், ஒட்டுன பெறகு ஒரு நாள் முழுக்க மழை படாம, கண்ணாடியை இறக்காம வச்சிருக்கணுமாம். இந்த ஊருல! பெட்ரோல் பங்குக் கூரைக்கு அடியில கொண்டு போயி நிறுத்தித் துணியால துடைக்க ஆரம்பிச்சேன், பின்னாடி நின்ன லாரிக்காரன் ஹாரனை அடிச்சே தொரத்திட்டான். பேங்குல கார்ல இருந்தபடியே பணம் எடுக்குற சந்துக்கு நல்ல கூரை இருக்கேன்னு அங்க போயி நின்னேன். பெட்டிக்குள்ள இருந்து ஒரு பொண்ணு குரலு, “சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன வேணும்?”னுச்சு. “காயணும்மா”ன்னேன். பெறகு ஆம்பளைக் குரலு வந்துச்சு, நான் வந்துட்டேன்.

கடைசியா கார் கழுவுற கூடத்துல காத்தடிக்கிற மெசின் இருக்கே, அதுல போயி நிறுத்திக் காய வச்சு, லோர்னா பக்கத்துப் புருவத்தை முதல்ல ஒட்டுனேன். ஜம்முன்னு உக்காந்துச்சு. என் பக்கத்தையும் ஒட்டுனேன். சந்தோசத்துல தலைகால் தெரியாம மெயின் ரோட்டுல ஏறுனா, எதுத்தாப்புல மரம் ஏத்துன லாரி ஒண்ணு தண்ணியை வாரி அடிச்சுட்டுப் போச்சு, லோர்னா பக்கத்துப் புருவம் பிச்சுக்கிட்டுப் பறந்து போயி ரோட்டு நடுவுல விழுந்துச்சு. நான் இறங்கி ஓடி எடுத்தேன். உடையல. ஆனா இப்ப என் பக்கத்துக்குப் புருவம் இருக்கு, இருமல்காரி பக்கத்துக்கு இல்ல. கார் ஒத்தைப் புருவத்தோட ஊரைப் பாத்து முழிச்சுக்கிட்டு நிக்குது. டுவேன் பாத்துட்டு, “யாரைப் பாத்துய்யா கண்ணடிக்குது உன் வண்டி?”ங்குறான்.

அப்பத்தான் மச்சான் எனக்கு உறைச்சுது. வீடு இருக்குறவனுக்கு இந்தச் சனியன் தேவையில்ல. வீடு இல்லாதவனுக்குத்தான் தேவை. ஆனா இதை ஒட்டணும்னா வீடு வேணும். காஞ்ச காரேஜு வேணும், அது காயுற வரைக்கும் நாங்க மூச்சு விட வேற இடம் வேணும். யோசிச்சுப் பாத்தேன், நமக்குத் தெரிஞ்சு காரேஜு இருக்குறது உங்க ஒருத்தர் கிட்டத்தான். உங்க வீட்டம்மா, நம்ம ஜேனின் அக்கா, அவங்க அடக்கத்துக்கு உங்க யாக்கிமாவுக்கு வந்தப்பப் பாத்தேனே, தரையில கீழ விழுந்த ரொட்டியை எடுத்துத் தின்னலாம், அவ்வளவு சுத்தம். அன்னிக்கு நீங்க, “மில்லை நம்பாதடான்னு சொன்னேன், கேட்டியா?”ன்னீங்க. அதை நான் மனசுல வச்சுக்கல. கொஞ்சந்தான் வச்சிருக்கேன். மலைக்கு அந்தப் பக்கம் உங்க ஊரு வெயில் ஊரு. ஒரே ஒரு நாள் உங்க காரேஜுல காரை விடுங்க, ஒரே ஒரு ராத்திரி லோர்னாவைக் கட்டில்ல படுக்க வைங்க. நான் தரையில படுத்துக்குவேன். ஆனா நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தங்கச்சியைப் பாக்கணும் போல இருக்குன்னு நீங்களா கூப்பிடுற மாதிரி ஒரு கடுதாசி போடுங்க. சட்டுனு போடுங்க. டாக்டர் பொண்ணு சொன்னதை மேல எழுதியிருக்கேன், மறுபடி எழுத எனக்குக் கை வரல.

உங்க முழங்கால் நல்லபடியா மடங்கி நிமிரட்டும். ஜேனின் அக்கா சமாதிப் பக்கம் போனா நாங்க கேட்டதாச் சொல்லுங்க. கர்த்தர் உங்க கூரைக்குக் காவலா இருக்கட்டும், எங்க கூரை எங்க நின்னாலும் அதுக்கும்.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி புருசன்,
ஆர்விட் லாத்தி

பி.கு.: மச்சான், ஸ்டாம்பு வாங்கப் போனப்ப இதை துணி வெளுக்குற கடையில மெசின் மேலயே வச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தா லோர்னா கையில இருக்கு. கத்துவான்னு நெனச்சேன். சிரிக்கிறா. இருமி, கண்ணுல தண்ணி வந்து, மறுபடி சிரிக்கிறா. “யாரு காரேஜு? எங்கண்ணன் காரேஜா?”ங்குறா. பெறகுதான் சொன்னா. ஜேனின் அக்கா ஆஸ்பத்திரிக் கடனுக்கு உங்க வீடு வசந்த காலத்துலயே போயிருச்சாமே. ஆப்பிள் கிட்டங்கிக்குப் பின்னாடி வேன்ல இருக்கீங்களாமே. உங்களுக்கு அவ போடுற கடுதாசி எல்லாம் போஸ்ட் ஆபீசு விலாசத்துக்குப் போறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், பெரிய மனுசன், தனிப் பெட்டி வச்சிருப்பாருன்னு நெனச்சேன். என் கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கீங்க. “அப்புறம் எதுக்குடி அவருகிட்ட தண்ணியைப் பாத்த வீடுன்னு எழுதுன?”ன்னு கேட்டேன். “தங்கச்சியாவது கூரைக்கடியில இருக்கான்னு அவன் நெனச்சுக்கட்டுமேன்னுதான்,”ன்னா.

கிழிச்சுப் போட்டுறவான்னு கேட்டேன். வேணாம், இப்படியே போடு, அவன் சிரிச்சு எத்தனை நாளாச்சோன்னுட்டா. அதனால மேல கேட்டதை எல்லாம் நான் வாபஸ் வாங்கிக்கிறேன். காரேஜும் வேணாம், கட்டிலும் வேணாம். என் பக்கத்துப் புருவத்தையும் பேத்து டுவேன் கிட்டக் குடுத்துட்டேன். மலையில பனி விழறதுக்குள்ள கிளம்புறோம். மழை பெய்யாத ஊருல கண்ணாடியைச் சும்மாவே இறக்கி வச்சுக்கலாம்னு லோர்னா சொல்றா, இது நமக்கு இத்தனை நாளா தோணலையே பாருய்யா. மச்சான், உன் வேனுக்குப் பக்கத்துல ஒரு வண்டிக்கு இடம் பிடிச்சு வை. மரத்தடி வேணாம். காலை வெயிலு லோர்னா பக்கம் விழணும்.