விளம்பரத்துக்கு அடியில் மெயின் வால்வு

வீட்டுக் குழாய் ரிப்பேர் பற்றி நான் ஒரு வெப்சைட் நடத்திவந்தேன். நான் ஒரு குழாயையும் கழற்றியவன் அல்ல. பிளம்பர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவேன். தினமும் முந்நூறு பேர் வந்து படித்து, நன்றிகூடச் சொல்லாமல் போவார்கள். உபயோகமாக இருந்தது, வருமானம்தான் இல்லை. இக்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் பதிவு செய்தேன். அவர்கள் எனக்கென்றே ஒரு ‘விளம்பர இட மேம்பாட்டு அலுவலரை’ நியமித்தார்கள்.

“சார், உங்க பக்கத்துல ஒரு பெரிய குறை இருக்கு,” என்றார் அவர் போனில்.

“என்னங்க?”

“கட்டுரை நட்டநடுவுல நிக்குது. பார்வை விழற இடமே அதுதான். அதைப் போயி எழுத்துக்குக் குடுத்திருக்கீங்களே!”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடுவில் பெரிய சதுர விளம்பரம் வைத்தேன். அடுத்த வாரம் மேலே நீளமாக ஒன்று, அடியில் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஒன்று, பிறகு தானாகப் பாட ஆரம்பிக்கும் வீடியோ. மூடுவதற்கான பெருக்கல் குறியை எறும்பளவுக்குச் சுருக்கிய அன்று, ‘முன்மாதிரித் தள உரிமையாளர்’ என்று எனக்குச் சான்றிதழே வந்தது. ஃபிரேம் போட்டு மாட்டினேன்.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். சான்றிதழை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்க, படிக்க வர்றவங்க எங்க படிப்பாங்க?”

“ரெண்டு விளம்பரத்துக்கு நடுவுல ஒரு வரி விட்டிருக்கேன்மா.”

“ஒரு வரியில என்ன தெரியும்?”

“மிச்சத்தைத் தேடுவாங்க. தேடத் தேட அங்கயே இருப்பாங்க. நுட்பமே அதுலதான் இருக்கு.”

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் பீறிட்டு முன்னறைக்கு ஓடியது. அங்கே தரையில், திங்களன்று கொடுக்க வேண்டிய அறுபது பள்ளிச் சீருடைகள். நான் இரண்டு கையாலும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, “என் வெப்சைட்டைப் பாரு!” என்று மனைவியிடம் கத்தினேன்.

“‘முதலில் மெயின் வால்வை மூடவும். அது இருக்கும் இடம்...’ ஐயோ, அதுமேல செருப்பு விளம்பரம் வந்துடுச்சுங்க!”

“பெருக்கல் குறியை அழுத்து!”

“அழுத்தினா செருப்புக் கடை திறக்குது!”

ஓட்டையை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு நானே அழுத்தினேன். நாலு தடவை செருப்புக் கடை. ஐந்தாவது தடவை, நல்லவேளை, ஒரு பிளம்பரின் விளம்பரம் திறந்தது; அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். வந்தவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கைவிட்டு எதையோ திருகினார். தண்ணீர் நின்றது.

“இது உங்க வெப்சைட்டா சார்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “முன்னெல்லாம் இதைப் படிச்சு அவங்கவங்களே சரி பண்ணிக்குவாங்க. இப்ப எனக்கு மூச்சுவிட நேரமில்ல. நல்லா இருக்கணும் நீங்க.”

மனைவி ஈரச் சீருடைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பிழிந்தேன்.

திங்களன்று நிறுவனத்திலிருந்து என் போனுக்கு மின்னஞ்சல் வந்தது. மனைவி வாங்கி உரக்கப் படித்தாள்.

“‘தங்கள் தளத்தில் ஒரு வாசகர் தொடர்ந்து நாற்பது நிமிடம் ஆர்வத்துடன் தங்கியிருந்தார். மனமார்ந்த பாராட்டுகள்.’ அது நாமதாங்க.”

“மேல படி.”

“‘எனினும், தங்கள் விளம்பரங்களைத் தாங்களே ஆறு முறை அழுத்தியது கடும் விதிமீறல். கணக்கு ரத்து செய்யப்படுகிறது. மேல்முறையீட்டுக்குக் கீழேயுள்ள பொத்தானை அழுத்தவும்.’”

போனை வாங்கிப் பார்த்தேன். பொத்தானை மறைத்துக்கொண்டு ஒரு செருப்பு விளம்பரம் நின்றது. பெருக்கல் குறியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை.

“நல்ல இடமாப் பார்த்து வச்சிருக்காங்க,” என்றேன். வாய் தவறி வந்ததல்ல, மனதாரத்தான் சொன்னேன்.