செவலை தின்ற சத்துமாவு

நான் சொன்ன பொய்களைப் பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பா, கணக்கு வாத்தியார், மனைவி, ஒருமுறை மாமனார். ஆனால் ஒரு மாடு நேரில் வந்து சாட்சி சொன்னது ஒரே ஒரு பொய்க்குத்தான். அதை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது சரவணம்பட்டிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பக்கம் அடுக்குமாடியும் மறுபக்கம் சோளக்காடுமாக இருந்த தெருவில் குடியிருந்தோம். எனக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வீட்டிலிருந்தபடியே அடுத்தவர் செய்த பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். (என் பிழைகளைக் கண்டுபிடிப்பது மனைவி கோமதியின் துறை.) கோமதி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். ஆகவே மூன்று வயது மகள் யாழினியை எழுப்பி, குளிப்பாட்டி, நாலு வீடு தள்ளியிருந்த அங்கன்வாடியில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு.

காலையில் பிள்ளையை விட வரும் ஒரே அப்பா நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, தலை கனக்கும் அளவுக்கே இருந்தது.

அங்கன்வாடி டீச்சர் சாந்தாமணி மாதாமாதம் பிள்ளைகளை எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைப்பார். புள்ளி பச்சையில் விழுந்தால் நல்லது, மஞ்சளில் விழுந்தால் எடை போதாது. ஒரு மாதம் யாழினியின் புள்ளி மஞ்சளில் விழுந்தது.

“ஏனுங்க யாழினியப்பா, அம்மணி எடை பத்துலீங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. இந்தச் சத்துமாவைத் தெனமும் ரெண்டு வேளை குடுங்க, சரியாப் போயிரும்” என்று பாக்கெட்டுகளைக் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே களத்தில் இறங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினேன். கட்டிகட்டியாக ஏதோ வந்தது. யாழினி ஒரு வாய் வாங்கினாள், விழுங்கவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், என் செருப்புக்குள் துப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். என் முயற்சி அத்தோடு முடிந்தது.

அங்கன்வாடியை ஒட்டி ஒரு காலி மனை. பக்கத்து வீட்டுப் பழனியம்மாக்கா தன் செவலை மாட்டை அங்கேதான் கட்டியிருப்பார். மறுநாள் சாயங்காலம் யாழினியோடு அந்த வழியாக வரும்போது, டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கத் துணிவில்லாமல் கையிலேயே வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்துச் சும்மா நீட்டினேன். செவலை ஒரே நக்கில் பாதியைக் காலி செய்தது. யாழினி கைதட்டிக் குதித்தாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் செவலைக்கு மாவு போடுவது வழக்கமாகிவிட்டது. பழனியம்மாக்கா மகிழ்ந்துபோய் பால் ஊற்றும்போது ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினார். (மாவு மாட்டுக்குப் போய், பாலாகிக் குழந்தைக்குத்தானே வருகிறது என்று என் மனசாட்சிக்கு விளக்கம் வேறு சொல்லி வைத்திருந்தேன்.)

“மாவு குடுக்கறீங்களா?” என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம், “ரெண்டு வேளையும் தவறாம குடுக்கறேனுங்க. ஒரு துளி மிச்சம் வெக்கறதில்லீங்க” என்பேன். கோமதியிடமும் அதே பதில்தான். மிச்சம் வைக்காதது உண்மை. யார் என்பதைத்தான் சொல்லவில்லை.

இந்தப் பதிலைக் கேட்டு டீச்சர் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? மாறாக, முகம் வாடிவிடும். “பூச்சி மருந்து குடுத்தாச்சுங்களா? நல்லாத் தூங்கறாளா? அடிக்கடி காய்ச்சல் வருதுங்களா?” என்று அடுக்குவார். அக்கறையான மனுஷி என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அட்டையில் புள்ளி மட்டும் மஞ்சளிலேயே நின்றது.

மூன்றாம் மாதம் டீச்சர் என்னை நிறுத்தினார்.

“சனிக்கெழமை தாய்மார் கூட்டமுங்க. மேற்பார்வையாளரம்மா வாராங்க. எல்லா அம்மாமாரும் புள்ள மாவு திங்கறதில்லீங்கன்னே சொல்றாங்க. நீங்க தெனமும் செஞ்சு குடுக்கறீங்களே, வந்து உருண்டை புடிச்சுக் காட்டுங்க. ஒரு அப்பா செய்யறதப் பாத்தா அவங்களுக்கும் ஒறைக்கும்.”

உண்மையைச் சொல்லித் தப்பிக்க அதுதான் கடைசி வாய்ப்பு. நானோ, “எத்தன பேருக்குங்க செய்யணும்?” என்று கேட்டேன்.

சனிக்கிழமை கோமதி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முன்வரிசையில் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் படம் எடுக்கத் தயாராக இருந்தாள். சுற்றிலும் இருபது அம்மாமார், அவர்களைவிட அதிகமாகப் பிள்ளைகள். மேற்பார்வையாளர் நாற்காலியில். எனக்கு முன்னால் அடுப்பு, வாணலி, வெல்லம், நெய். செய்முறையை முந்தின நாள்தான் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன்.

“குழந்தைக்கு முதல் ஐந்து வருஷம்தான் அஸ்திவாரம்” என்று ஆரம்பித்தேன். “மாவு பிடிக்காத குழந்தை என்று உலகத்தில் யாரும் இல்லை. பொறுமை இல்லாத பெற்றோர்தான் இருக்கிறார்கள்.” மேற்பார்வையாளர் தலையசைத்தார். உற்சாகத்தில் பாக்கெட்டைச் சரக்கென்று கத்தரித்து மாவை வாணலியில் கொட்டி வறுத்தேன். வாசனை ஜன்னல் வழியே காலி மனைக்குப் போனது.

முதலில் ஒரு ‘ம்மா’ கேட்டது. பிறகு சங்கிலி தரையில் இழுபடும் சத்தம். அடுத்த நிமிஷம், பிடுங்கிய முளைக்குச்சியோடு செவலை வாசற்படியில் நின்றது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். மேற்பார்வையாளர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியின் மேல் ஏறிவிட்டார். கதவோரம் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. செவலை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, மாவு ஒட்டியிருந்த என் முழங்கையை நக்க ஆரம்பித்தது.

“மாடு உங்ககிட்ட ரொம்பப் பழக்கமுங்களா?” என்றார் நாற்காலி மேலிருந்து மேற்பார்வையாளர்.

“பக்கத்து ஊட்டு மாடுங்க மேடம். பாத்த பழக்கம்” என்றேன்.

யாழினி அம்மாவின் மடியிலிருந்து எழுந்து நின்றாள். அங்கன்வாடியில் கற்ற தெளிவான குரலில், “அப்பா, அது செவலையோட மாவு! எதுக்கு எல்லாருக்கும் செய்யறீங்க? செவலைக்குப் போடுங்க!” என்றாள்.

குழந்தை ஏதோ உளறுகிறது என்று சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் பழனியம்மாக்கா மூச்சு வாங்க ஓடிவந்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். மூணு மாசமா யாழினியப்பாதான் இந்த மாவப் போட்டுப் பழக்கிப்போட்டாருங்க. கறவை என்னமா ஏறிப்போச்சுங்கறீங்க! மகராசன், நல்லா இருக்கோணும்.”

கோமதியின் கைப்பேசி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை அது பதிவு செய்யவில்லை. எனக்குத் தேவையுமில்லை, மனப்பாடம்.

சாந்தாமணி டீச்சர் திட்டவில்லை. பீரோவைத் திறந்து ஓர் உறையை எடுத்து வந்தார். மேலே யாழினியின் பெயர். உள்ளே பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவருக்கு ஒரு கடிதம்.

“ரெண்டு வேளையும் தின்னும் எடை ஏறலீன்னா, உள்ளுக்குள்ள ஏதோ பெரிய நோவுன்னு நெனச்சுப்போட்டேனுங்க. கூட்டம் முடிஞ்சதும் உங்களத் தனியாக் கூப்புட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, போன வாரம் மருதமலைக்கு நடந்தே ஏறி வேண்டிட்டு வந்தேனுங்க.” சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. “அப்ப அம்மணிக்கு ஒண்ணுமில்லீங்களே? நெசமாலுமே ஒண்ணுமில்லீங்களே?”

மாடு வந்தபோது கூட அவ்வளவு வெட்கப்படவில்லை. என் பிள்ளைக்காக இன்னொருத்தர் மலையேறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மாட்டுக்கு மாவு போட்டுக்கொண்டிருந்தேன். “மன்னிச்சுக்கோங்க டீச்சர்” என்றேன்.

அப்போது பின்வரிசையில் ஓர் அம்மா மெல்ல, “எங்கூட்லயும் கோழிக்குத்தானுங்க போடறேன்” என்றார். இன்னொருவர் நாய் என்றார். இன்னொருவர் ஊரிலிருக்கும் ஆட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

“அடுப்ப அணைக்காதீங்க. ஆரம்பிச்சதை முடிச்சுப்போட்டுப் போங்க” என்றார் டீச்சர். தீயைக் குறைப்பது, வெல்லத்தைத் தூளாக்கிக் கலப்பது, நெய் சூடாக இருக்கும்போதே பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் உருண்டையை யாழினி வாங்கிப்போய், வாசலில் கட்டியிருந்த செவலைக்குக் கொடுத்தாள். அது தின்பதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கை நீட்டினாள். இரண்டாவதை அவளே தின்றாள். என் செருப்பு பக்கத்தில்தான் கிடந்தது, அதைத் தேடவில்லை.

அன்றிலிருந்து செவலைக்கு ஒன்று, யாழினிக்கு ஒன்று என்பதுதான் ஒப்பந்தம். புள்ளி பச்சைக்கு ஏறிய அன்று டீச்சர் எனக்கே ஓர் உருண்டை கொடுத்தார்.

யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. அந்த வீடியோ வீட்டுக்கு வரும் ஒறம்பரை, விருந்தாளி எல்லோருக்கும் காப்பிக்கு முன்னால் காட்டப்படுகிறது. நான் எதைச் செய்துவிட்டேன் என்று சொன்னாலும் கோமதி விடுவதில்லை. நேற்றுகூட, “புள்ளைக்கு இருமல் மருந்து குடுத்தீங்களா?” என்றாள்.

“குடுத்துட்டேன்.”

“யாருக்குங்க?”

யாழினி பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவந்து, வாயை அகலத் திறந்து, மருந்தில் சிவந்த நாக்கை அம்மாவிடம் நீட்டிக் காட்டினாள்.