நாலாம் குளத்துக்குப் பச்சை

நாலாம் குளம் மஞ்சளாகக் கிடந்தது.

குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேல்ஜி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மற்ற ஐந்து குளங்களிலும் தண்ணீரைக் கலக்கும் சக்கரம் தள்ளத் தள்ளப் பாசித்தண்ணீர் கிளிப்பச்சையாக வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. இது மட்டும் மோர்க்குழம்பு நிறம்.

"ஏன் மோங்கிபேன், இதுக்கு என்ன ஆச்சு?"

கேண்டீன் மோங்கிபேன் இடுப்பில் கை வைத்து எட்டிப் பார்த்தாள். "என்னைக் கேட்டா? எட்டு நாள் புஜ்ல மச்சினன் வீட்டுக் கல்யாணத்துல ஜிலேபி தின்னது நீங்க. பட்டியலைப் பாருங்க."

கல்யாணத்துக்குப் போகும்முன் எந்தெந்தக் குளத்துக்கு யூரியா என்று எழுதி ஒட்டியது வேல்ஜியேதான். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்று அழகான கையெழுத்தில் இருந்தது. நாலு இல்லை. எட்டு நாளாக அதன் வாயில் ஒரு பருக்கை விழவில்லை.

மணி எட்டு. பதினொன்றுக்கு வடோதராவிலிருந்து பாசி ஆராய்ச்சி டாக்டர் ரூபல்பேன் சோதனைக்கு வருகிறார். பாசியில் எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டலாம் என்று கட்டிய பண்ணை அது. அவர் சரி என்றால் இன்னும் மூன்று வருஷம் ஓடும். இல்லையென்றால் பதினொரு பேரும் பழையபடி உப்பளத்துக்குப் போகவேண்டியதுதான். மேனேஜர் திரிவேதிக்கு வெயில் ஆகாது. குளங்களைக் காகிதத்தில்தான் பார்ப்பார். அதுவரை தப்பித்தது.

வேல்ஜி அரை மூட்டை யூரியாவைக் கொட்டிவிட்டுக் கரையில் குந்தினார்.

"பாசி என்ன அப்பளமா, போட்டதும் பொரிய?" என்றாள் மோங்கிபேன். "பச்சையாக நாலு நாள் ஆகும்."

"அப்போ பக்கத்துக் குளத்துலேர்ந்து இறைச்சுடுவோம்."

ஐந்தாம் குளத்துக்கும் நாலாம் குளத்துக்கும் இடையே மோட்டாரைப் போட்டுக் குழாயை மாட்டினார். மோட்டார் நன்றாகவே ஓடியது. திருப்தியாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஐந்தாம் குளம் வெளுத்துக்கொண்டிருந்தது.

"வேல்ஜிபாய், உறிஞ்சுற முனையை எதுல விட்டீங்க?"

வேல்ஜி குழாயைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"நாலைப் பச்சையாக்கப் போய் அஞ்சுக்கும் காமாலை வந்துடுச்சு" என்றாள் மோங்கிபேன். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் செருகிக்கொண்டாள். அவர் முகம் தொங்கியதைக் கண்டு மனசு கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய் ஒரு டப்பாவோடு வந்தாள். டாக்டருக்குப் பிஸ்தா பர்ஃபி செய்ய வாங்கிய பச்சைப் பவுடர்.

"ஒரு தட்டுக்கு ரெண்டு சிட்டிகை. குளத்துக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"மொத்தமும் கொட்டுங்க."

கொட்டினாள். டப்பாவில் ஒட்டியிருந்ததையும் வீணாக்காமல் சோப்புத்தூள் போட்டுக் கழுவி ஊற்றினாள். நாலாம் குளம் பளபளவென்று பச்சையானது. இந்த உலகத்துப் பச்சையாக மட்டும் இல்லை. போதாக்குறைக்குச் சக்கரம் அந்தச் சோப்பை விடாமல் கடைந்தது. நுரை முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று எழும்பி, கடல்காற்றில் பொதி பொதியாகப் பறக்க ஆரம்பித்தது.

வேல்ஜி துடைப்பத்தால் அடித்தார். ஒன்று நாலாக உடைந்து பறந்தது.

மணி பதினொன்று. குடை பிடித்துக்கொண்டு திரிவேதி வந்தார்.

"டாக்டர்பேன் போனையே எடுக்கல. பஸ் லேட்டு போலிருக்கு. எல்லாம் தயாரா வேல்ஜி?" என்று வாய் திறந்தவரின் மீசையில் ஒரு நுரை வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் தொட்டு, விரலைப் பார்த்து, பிறகு குளத்தைப் பார்த்தார்.

வேல்ஜி துடைப்பத்தைக் கீழே வைத்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சாஹேப், தப்பு என்னுது. பட்டியல்ல நாலாம் குளத்தை விட்டுட்டேன். எட்டு நாள் பட்டினி கிடந்து மஞ்சளாயிடுச்சு. டாக்டர்பேன் கிட்ட நானே சொல்லிடறேன். என்னை அனுப்பிடுங்க, மத்தவங்க வேலையைக் காப்பாத்துங்க. மோங்கிபேனுக்கு இதுல சம்பந்தமே இல்லை."

"எப்படி இல்லாம போகும்?" என்று குறுக்கே வந்தாள் மோங்கிபேன். அவள் இரண்டு கையும் முழங்கைவரை பச்சை. "டப்பா என்னுது சாஹேப். சோப்பும் என்னுது. அனுப்புறதா இருந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

திரிவேதி குடையைச் சாய்த்து நுரையைத் தடுத்தார். வாய் திறந்தால் நுரை உள்ளே போய்விடும்.

அப்போதுதான் இரவுக் காவல்காரர் அல்லாரக்கியா, மறந்துபோன டிபன் பாக்ஸை எடுக்கப் பாதித் தூக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். குளத்தைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"யா அல்லா, இதை ஏன் வேல்ஜிபாய் பச்சையாக்குனீங்க? டாக்டர்பேன் வெயிலுக்கு முன்னாடியே பார்த்துடணும்னு காலையில ஆறு மணிக்கே வந்து, அந்த மஞ்சள் தண்ணியைத்தான் பாட்டில்ல மொண்டு பார்த்துட்டு, 'பட்டினி போட்டாத்தான் பாசியில எண்ணெய் கட்டும், இந்த சூட்சுமம் தெரிஞ்ச ஆள் இங்க யாரு'ன்னு கேட்டு, நான் சொன்ன உங்க பேரை எழுதிக்கிட்டு சந்தோஷமாத் திரும்பிப் போயிட்டாங்களே."