நூற்று நாற்பத்து மூன்று வேலைகளும் ஒரு புது டிஸ்க்கும்

எதையும் பத்து வருடம் தள்ளிப்போடத் தெரிந்தவருக்கு, ஒருநாள் அதை அடியோடு ஒழித்துக்கட்டவும் தெரியவேண்டாமா? அப்படியொரு மகத்தான தீர்மானத்தோடுதான் ஞாயிறு மதியம் பிழைதிருத்துநர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் கிழடு. போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் முகம் காட்டும். அதன் பழைய ஹார்ட் டிஸ்க்கை அச்சு அசலாக நகலெடுத்துப் புது எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் ஏற்றுவதாக அவரே முன்வந்திருந்தார். அது சாக்கு. குறி, டிஸ்க்கில் மனைவி வளர்த்துவந்த 'வீட்டு வேலைகள்' என்ற கோப்பு. அவர் செய்யவேண்டியவை நூற்று நாற்பத்து மூன்று என்று அவள் சொல்லிக் கேள்வி. ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடும் கண்ணுக்கு, அதைத் திறந்து பார்க்க மட்டும் தெம்பு வந்ததில்லை.

பக்கத்திலேயே அவர் உயிர் இருந்தது: 'கவிதைகள்'. இருபத்தாறு. வேறெங்கும் பிரதி கிடையாது.

"என்னங்க, எல்லாம் அப்படியே வந்துடுமா?" மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஈ எறும்புகூட விடாம வரும். ஆனா பழசு பாரு, ஒண்ணு ரெண்டு வழியில உதிர்ந்தா என்மேல பழி போடாத."

"சேச்சே, உங்கமேலயா?"

அவள் தலை மறைந்ததும் 'வீட்டு வேலைகள்' போய்ச் சேர்ந்தது. குப்பைத்தொட்டியையும் காலிசெய்துவிட்டு நகலெடுப்பைத் தொடங்கினார்.

ஒரு சதவீதம். இரண்டு. பச்சைக்கோடு நத்தையாக நகர்ந்தது. ஜன்னல் வெயிலில் தூசி மினுங்கியது. சமையலறைக் குழாய் சொட்டியது. கண் சொக்கியது. புது டிஸ்க் ஒரு வெள்ளை வீடாக விரிந்தது. அங்கே குழாய் சொட்டவில்லை, கதவு முனகவில்லை, பரண் தன்னைத்தானே ஒழித்துக்கொண்டது. அவர் தரைக்கு நாலங்குலம் மேலே மிதந்தபடி இருபத்தேழாவது கவிதையின் முதல் வரியைத் துழாவினார்.

நூறு. 'பழைய டிஸ்க்கை அழிக்கலாமா?' என்று திரை கேட்டது. மிதந்தபடியே 'ஆம்' என்றார்.

தேநீரோடு மனைவி வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"எல்லாம் பிழைச்சுது. உன் லிஸ்ட்தான் பாவம்..." இழவு வீட்டு முகம் காட்டினார்.

"அடடா! போகட்டும், உங்க கவிதையில ஒண்ணு படிங்க, கேக்கறேன்."

அவள் இப்படிக் கேட்டதே இல்லை. நெஞ்சு விம்மக் 'கவிதைகள்' கோப்பைத் திறந்து, தொண்டையைச் செருமினார்.

"ஒன்று. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. இரண்டு. பரணை..." குரல் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. மேல படிங்க."

"என்னடி இது?"

"நேத்தே ரெண்டு ஃபைலோட பேரையும் இடம் மாத்தி வச்சேன். கேக்காமலே நீங்க ஒரு வேலை செய்யறேன்னு வந்து நின்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. எங்க கடையில முதல் பாடமே, லேபிளை நம்பாத, திறந்து பாருங்கறதுதான். நீங்கதான் திறக்கவே மாட்டீங்களே!"

"ஐயோ, என் இருபத்தாறும்..."

கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினாள். "பத்திரமா இருக்கு. ஒரு வேலைக்கு ஒரு கவிதை."

போன உயிர் திரும்பியது. "அப்ப இருபத்தாறு வேலையோட என்னை விட்டுடுவியா?"

"அதுக்குள்ள புதுசா எழுதாமலா இருப்பீங்க?" ஸ்பானரை அவர் கையில் வைத்தாள். "அதையும் எடுத்து வச்சுக்கறேன்."