ரோசாச் செடிக்கு மாத்திரை

எந்த வீட்டுக்குப் போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வார் யோகேஸ்வரன். அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளையான அவருக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பெருங்குடல் அழற்சி.

"இது அடங்கியிருக்கும், ஒழியாது. சுகமா இருக்கிறப்பவும் மாத்திரைய விட்டுறாதீங்க" என்று நுவரெலியா டொக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று ஆண்டுகள் அடங்கியே இருந்தது. நரியைத்தான் காணோமே என்று வேலியை மேய்ந்து தீர்த்த ஆட்டைப் போல, யோகேஸ்வரனும் ஒரு நாள் அறிவாளியானார். மனைவி பிரேமினி தினமும் கையில் கொடுக்கும் மாத்திரைகளை வாசலிலிருந்த ரோசாச் சட்டியில் புதைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் மாதம், காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் ஓடினார். அன்று மட்டும் ஆறு முறை. இரத்தமும் கண்டது.

"என்னங்க, மாத்திரை போட்டுமா இப்புடி?"

"ஒன் மிளகாக் கட்டச் சம்பலாத்தான் இருக்கும்" என்றார், அவசரத்தில் கிடைத்த பழியைப் போட்டு.

மறுநாளே வீட்டில் மிளகாய் மறைந்தது. ஓட்டம் நிற்கவில்லை. "தேங்காயா இருக்குமோ?" என்றார், தேங்காய் போயிற்று. "பால் தேத்தண்ணியோ?" அதுவும் போயிற்று. ஒரு வாரமாகக் கஞ்சியும் அவித்த கரட்டும். சொந்த வாயாலேயே சொந்தச் சோற்றைக் கெடுத்துக்கொண்டவன் இந்த மலையில் தான் ஒருவன்தான் என்று நொந்துகொண்டார். மனைவியும் மகளும் முணுமுணுக்காமல் அரைக் கோப்பைக் கஞ்சியோடு எழுந்து போனதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

"நாளைக்குக் கிளினிக்ல நானே சொல்றேங்க, இந்த மாத்திரை ஒங்களுக்குக் கேக்கலன்னு. பெரிய மருந்தா, ஊசியா எழுதட்டும். எல்லாம் என் சமையலால வந்தது" என்றாள் பிரேமினி.

யோகேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒன் சமையல் இல்ல, பிரேமினி. என் புத்தி. மாத்திரையெல்லாம் ரோசாச் சட்டியில கெடக்கு."

அவள் மாத்திரைகளை நீட்டினாள். விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார். அதோடு மனம் ஆறவில்லை. தாமே அம்மி முன் உட்கார்ந்து அவர்களுக்காகக் கட்டச் சம்பல் அரைத்தார். கண்ணீர் வழிந்தது, பாதி மிளகாய், பாதி மனச்சாட்சி.

"என்னால ஒரு வாரமா நாக்குச் செத்துக் கெடக்கிறீங்களே..."

மகள் தனுஷிகாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"போதும்ப்பா. நீங்க சம்பல் மேல பழி போட்ட அன்னைக்கே அம்மா சட்டியக் கெளறிப் பாத்துட்டாங்க, டொக்டருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. நீங்களா ஒத்துக்கிற வரைக்கும் வீட்டுல கஞ்சிதான்னாங்க. நாங்க தெனமும் பக்கத்து வீட்டு சுகிர்தம் அக்காகிட்ட கோழிக்கறி!"