ஹாவிஸ் அண்ணாச்சியின் மூச்சு வைத்தியம்

போர்ட் பிளேயரில் நம்பக்கூடாத ஆள் ஒருவரைக் காட்டு என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஹாவிஸ் அண்ணாச்சியைக் காட்டியிருப்பேன். யாருக்கு வலி என்றாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். காசு வாங்க மாட்டார். ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். காரணமில்லாமல் ஒருவர் நல்லவராக இருப்பார் என்று நம்பும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் அவ்வளவாக இல்லை.

அறுபதுகளில் நான் ஹேடோ துறைமுகத்தில் குமாஸ்தா. அண்ணாச்சி அங்கே சிக்னல்காரர், தூத்துக்குடிப் பக்கம். கப்பலின் அடித்தளத்தில் கிடக்கும் சரக்கு கிரேன்காரரின் கண்ணுக்குத் தெரியாது. மேலே விளிம்பில் நிற்கும் அண்ணாச்சியின் கையைப் பார்த்துத்தான் அவர் கிரேனை இயக்குவார். கையை உயர்த்தி “ஹாவிஸ்” என்றால் தூக்கு. கையைத் தாழ்த்தி “ஆரியா” என்றால் இறக்கு. அண்ணாச்சியின் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டுவாடாவன்று மட்டும் ஞாபகத்துக்கு வரும்.

வைத்தியமும் இதே கையால்தான். பல்வலிக்காரரை எதிரே உட்கார வைத்து, “ஹாவிஸ்” என்று கையை மெல்ல உயர்த்துவார். கை ஏறும்வரை மூச்சை இழுக்க வேண்டும். பிறகு “ஆரியா.” கண்ணாடிப் பெட்டியை இறக்குவதுபோல அந்தக் கை அப்படி நிதானமாக இறங்கும். அது இறங்கி முடியும்வரை மூச்சை விட வேண்டும். இவ்வளவுதான். மருந்து, மந்திரம், விபூதி எதுவும் கிடையாது. அதுதான் எனக்கு இடித்தது.

எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன். முன்பு காலில் இரும்புக் குழாய் விழுந்தபோது கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்தாராம். அவர் வரும்வரை வேறு வேலை இல்லாததால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாராம். “வலி எங்கயும் போவாது சார். மூச்ச மெள்ள விட்டா கொஞ்சம் அடங்கிக் கெடக்கும், அவ்வளவுதாம்” என்றார். இப்படி அடக்கமாகப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி, இது வசியம் என்று இந்தியில் அடித்துச் சொன்னார். பால் காண்டிராக்டரோ, அண்ணாச்சி யூனியன் தேர்தலில் நிற்கப்போகிறார் என்றார். எல்லோரையும் நன்றாக மூச்சு விடவைத்துவிட்டுக் கடைசியில் இன்ஷூரன்ஸ் பாரத்தை நீட்டுவார் என்பது என் கணிப்பு.

அப்போதுதான் மாட்டு விவகாரம் நடந்தது. பால் காண்டிராக்டர் மெயின்லேண்டிலிருந்து ஒரு சிந்தி மாடு வரவழைத்திருந்தார். வயிற்றில் பட்டை கட்டி, கிரேனால் கப்பலைவிட்டு அந்தரத்தில் தூக்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கூலியாளின் விரல் பலகைக்கிடையே நசுங்கிவிட்டது. அண்ணாச்சி மாட்டை மறந்தார். அந்தக் கூலியாளை அங்கேயே உட்கார வைத்து, கையை உயர்த்தினார், தாழ்த்தினார், மறுபடி உயர்த்தினார். கிரேன்காரர் கட்டுப்பாடானவர். கை எப்படியோ, மாடு அப்படி. ஊரே பார்க்க அது நிதானமாக வானத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. விரல் நசுங்கியவர் அமைதியானார். மாடு ஆகவில்லை.

பால் குறைந்துவிட்டது, எதிரி வியாபாரி செய்த சதி இது என்று காண்டிராக்டர் ஆபீஸில் வந்து குதித்தார். இனி சரக்குக்குத் தவிர எதற்கும் கை தூக்கக்கூடாது, மீறினால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். அண்ணாச்சி இரண்டு கைகளையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நாங்கள் குடியிருந்தது துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். என் மனைவிக்குத் தலைப்பிரசவம். காலையில் இடுப்புவலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு ஃபெர்ரியில் ஏற்றினேன். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. ஃபெர்ரி ஓட்டும் சேராங் கீழே இறங்கி எதையோ தட்டினார், பிறகு எதையோ திட்டினார். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். முகம் வெளுத்து, மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல இரைத்தது. இரண்டு உயிரும் போய்விடும் என்றே நினைத்தேன்.

கடைசி பெஞ்சில் அண்ணாச்சி, கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார். இவள்தான் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, எவ்வளவு நேரந்தான் சும்மா உக்காந்திருப்பீங்க? கையைத் தூக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆபீஸ் ஆள். வேலை போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் எழுந்து வந்துவிட்டார். பக்கத்தில் எங்காவது கிரேன் இருக்கிறதா என்று மட்டும் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

“ஹாவிஸ், தங்கச்சி. மெள்ள... இப்ப ஆரியா. எறங்கட்டும், எறங்கட்டும், அவசரமே இல்ல.”

முதலில் அவள் மூச்சு திக்கியது. பிறகு கையோடு சேர்ந்துகொண்டது. மீன்கூடைக்காரி சேர்ந்துகொண்டாள், தாதா சேர்ந்துகொண்டார், ராஞ்சிக் கூலிகள் சேர்ந்துகொண்டார்கள். ஃபெர்ரி முழுக்க ஒரே மூச்சாக ஏறி இறங்கியது. வசியம்தான் என்று முடிவுகட்டினேன். கட்டிய பிறகுதான் கவனித்தேன், நானும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

மறுவாரம் அண்ணாச்சி குழந்தையைப் பார்க்க வந்தார். இதோ, கேட்கப் போகிறார் என்று உஷாரானேன். அதிகாரியிடம் சிபாரிசா, இன்ஷூரன்ஸா? குழந்தையைப் பார்த்தார், டீ வேண்டாமென்றார், போய்விட்டார். ஃபெர்ரியில் வந்த ஒருவரும் ஆபீஸில் மூச்சு விடவில்லை. நானும்தான். ஆனால் அவர் கேட்கப்போவதற்காகப் பல வருஷம் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

ரிட்டயராகி அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று குடும்பத்தோடு ஹேடோ போனேன். கப்பலில் ஏறுமுன் இவளிடம், “தங்கச்சி, இப்ப வலி ஒண்ணும் இல்லல்லா?” என்றார். இல்லை என்றாள். என்னை அவர் கேட்கவில்லை. கப்பல் நகர ஆரம்பித்ததும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன். கொஞ்சம் அடங்கியது.