மலையை வலம் வந்த விவரமும் குடிபெயர மறுப்பதற்கான காரணங்களும்

இறையருள் முன்னிற்க, என் ஒரே மகளின் கரம் பற்றிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும், என் கால்கள் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் பிள்ளைத்தாய்ச்சியான என் மகளும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுமென்று இரு வேளையும் வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் வேலை மாற்றலாகி இந்த மலையூருக்குக் குடிவரப் போவதாகவும், நாங்களும் உடன் வந்து ஒரே வீட்டில் இருக்க வேண்டுமென்றும் கேட்டீர்கள். மலை எங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க விடுதியில் அறையும் எடுத்துக் கொடுத்தீர்கள். "மாமா, ரோட்டோரமா இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து, மலையைப் பார்த்துட்டு திரும்ப வேண்டியதுதான். கைப்பிள்ளைகூட நடக்கும்" என்றும் சொன்னீர்கள். முடிவை எழுத்தில் தெரிவிப்பதாக நான் வாக்களித்திருந்தேன். முடிவு இதுவே: நாங்கள் வருவதற்கில்லை. காரணங்கள் பின்வருமாறு.

முதல் நாள் வாடகைக் கார் ஓட்டுநர் எங்களை மலைச்சாலை வளைவு ஒன்றில் இறக்கிவிட்டார். ஒரு குன்றைச் சுற்றிவரும் பாதை அங்கே தொடங்குகிறது. தொடங்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட பலகை. அந்த அம்புக்குறியோ குன்றை இடமாகச் சுற்றச் சொல்கிறது. எந்தச் சந்நிதியையும் ஆயுளில் இடமாகச் சுற்றியறியாதவன் நான். மலையை ஆண்டவன் திருமேனி என்று ஆன்றோர் பாடி வைத்திருக்க, வனத்துறைப் பலகை சொல்லிற்று என்பதற்காக அபசாரம் செய்வேனா? வலமாகத்தான் போவேன் என்றேன். "பலகை வச்சவங்க என்ன பைத்தியமா? நீங்க அந்தப் பக்கமா வாங்க, நான் இந்தப் பக்கமா வர்றேன். நடுவுல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உங்கள் மாமியார் அம்புக்குறியோடு போய்விட்டாள். என் வழியிலோ பலகைகளெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எதிரில் வந்த ஒவ்வொருவரும் "ஐயா, தப்பா வர்றீங்க" என்று சொல்ல, ஒவ்வொருவரையும் நிறுத்தி வலம்வருதலின் மேன்மையை நான் விளக்க, கால்வாசிக் குன்றைக் கடப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. பிறகு ஓர் ஓடை, அதன்மேல் ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய மரப்பாலம். நான் பாலத்தின் நடுவில் இருக்கும்போது அந்தக் கரையிலிருந்து உங்கள் மாமியார் ஏறினாள். அவள் பின்னால் ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டமே ஏறிற்று. "கொஞ்சம் பின்னால போங்க" என்றாள். பின்னால் போனால் மலையை இடமாகச் சுற்றிய கணக்காகுமே என்றேன். "அப்ப நாங்க எல்லாரும் உங்க தலைமேல ஏறிப் போகணுமா?" என்றாள். பேருந்து ஓட்டுநர்தான் வழி கண்டார். பாலத்தின் நடுவே வேடிக்கை பார்ப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளச் சிறு மேடை ஒன்று புடைத்து நின்றது. என்னை அதில் தூண்போல் நிறுத்தி, கூட்டத்தை ஒவ்வொருவராக என்னைச் சுற்றி அனுப்பினார். அவர்களில் ஒரு பெண்மணி என்ன நினைத்தாரோ, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உங்கள் மாமியார், "இத்தனை வருஷம் வீட்டுல சுத்தினது போதாதுன்னு இங்கயும் சுத்தணுமா" என்று முணுமுணுத்தபடிதான் என்னைக் கடந்தாள்.

மறுநாள், காட்சிமுனை என்னும் இடத்துக்கு ஏறினோம். மேகம் தவழும் சிகரம் என்று நம் பழம்பாடல்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மேகத்தின் உள்ளே நின்றால் சொந்த மூக்கே தெரியாது என்பதை அவை சொல்லவில்லை. உங்கள் மாமியார் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு, கார்மேகத்தையும் கருணையையும் ஒப்பிடும் பாசுரமொன்றுக்குப் பதம் பதமாகப் பொருள் சொன்னேன். வழக்கத்துக்கு மாறாக அவள் குறுக்கே பேசாமல் கேட்டதில் எனக்கு மிகுந்த மனநிறைவு. மேகம் விலகியபோது, என் பிடியில் இருந்தது யாரோ ஒருவரின் கை; பூட்டு பழுதுபார்ப்பவராம், பிறகு சொன்னார். உங்கள் மாமியார் சற்றுத் தள்ளி பெஞ்சில் அமர்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் சட்டென்று கையை விட, அவர், "பரவால்ல சார், சொல்லுங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. கடைசி அடிக்கு என்ன அர்த்தம்?" என்றார். பாதியில் விடலாகாது என்பதால் சொல்லி முடித்தேன். அவர் ஒரு மறுப்பு எழுப்பினார். அதற்கு விடை கூறினேன். இவ்வாறு இறங்குமிடம்வரை எங்கள் வாதம் நீண்டது. இரவு கால்கள் இரண்டும் என் வசத்தில் இல்லை. மலையைப் பாடிய புலவர் இத்தனை பேரில் ஒருவராவது கெண்டைக்கால் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

ஆகவே பெரியவன் சொல்வதில் வருத்தம் கொள்ளாமல், நாங்கள் பழைய வீட்டிலேயே இருந்துகொள்ள இசைய வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையைப் பார்க்க மட்டும் வந்து போகிறோம். தாயும் சேயும் நூறாண்டு வாழவும், தங்களுக்கு மேன்மேலும் உயர்வு உண்டாகவும் எல்லாம் வல்லவனை இறைஞ்சும்,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன், வழக்கம்போல் இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பாலத்துக் கட்டத்தில் சிரித்தாள். முடிவைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எல்லாம் நடந்ததுதான். ஆனா நீங்க வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கின பிறகு, அந்த வீட்டுல என்னிக்காவது இவ்வளவு பேசியிருக்கீங்களா? சாப்பாடு வைக்கவா, ம். விளக்கை அணைக்கவா, ம். நான் சுவத்தோட குடித்தனம் பண்ணிட்டிருந்தேன். இங்க வந்த ரெண்டு நாளா ஊர்ல ஒருத்தரை விடாம வாயடிக்கிறீங்க" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கு இந்தச் சத்தம் வேணும்" என்றாள். எனவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொண்டு, சாமான் ஏற்ற லாரிக்குச் சொல்லிவிடவும். புத்தகப் பெட்டிகள் கனம். வலுவான ஆட்களாக வேண்டும். வீட்டின் வாசல், ஆட்கள் நடந்துபோகும் பாதையைப் பார்த்து இருக்கட்டும். வாசலில் நின்று நான் பேசுவது உள்ளே காதில் விழுகிற இடத்தில் அவளுடைய கட்டில் இருக்க வேண்டும்.